முதலில் மொட்டை மாடி, பிறகு ஷோரூம்

ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்க நினைப்பவர் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுவது நல்லது. சேலம்–தருமபுரி சாலையில், கணவாயை ஒட்டி, மேட்டூருக்கும் பவானிக்கும் வழி பிரிகிற ஊர் தொப்பூர். அங்கேயும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஒற்றைத் தளக் கான்கிரீட் வீடுகள் அதிகம். கூரைமேல் நாலு ஹாலோ பிளாக்கை அடுக்கி, அதன்மேல் கறுப்பு சின்டெக்ஸ் டேங்கை உட்கார வைத்திருப்பார்கள். டேங்கின் அடிமட்டம் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். மெஷினுக்குள் தண்ணீர் நுழைகிற வால்வு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கழித்தால் மிச்சம் 2.7 மீட்டர்.

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். 2.7 மீட்டருக்கு 0.27 பார். அதிலும் டேங்க் நிரம்பியிருந்தால் கொஞ்சம் கூடும். குழாயின் முட்டிகளிலும் பாதி அடைத்த வடிகட்டியிலும் கொஞ்சம் தேயும். பல ஃப்ரன்ட் லோடு மெஷின்களின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 பார் அல்லது 0.5 பார் என்று போட்டிருக்கும். அந்த வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு. அதைத் தூக்கித் திறந்து வைப்பதே தண்ணீரின் அழுத்தம்தான். மின்காந்தம் அதற்கு வழி மட்டும் விடுகிறது. அழுத்தம் போதாவிட்டால் தண்ணீர் நூலாக வடியும். மெஷின் சில நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, திரையில் ஒரு பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெஷின் முதல் நாளே ‘தண்ணி வரலை’ என்று நிற்பதற்குப் பாதி நேரம் காரணம் மெஷின் இல்லை, மாடி.

இது சின்ன விஷயம். டேங்கை இரும்பு ஸ்டாண்டில் ஒரு மீட்டர் உயர்த்தலாம், அல்லது சின்னதாக ஒரு பிரஷர் பம்ப் போடலாம். ஆனால் கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் ‘எத்தனை கிலோ, எந்தக் கலர்?’

சரி, இந்தத் தொல்லையோடு ஏன் அதை வாங்க வேண்டும்? ஒரே பதில், தண்ணீர். டாப் லோடு மெஷினில் துணி தண்ணீரில் மிதந்தாக வேண்டும். மிதந்தால்தான் அடியில் சுற்றும் தட்டு அதை உருட்ட முடியும். அதனால் 7 கிலோ துணிக்குத் துவைக்க ஒருமுறை, அலச இருமுறை என்று தொட்டியை நிரப்பி, 100 லிட்டரைத் தாண்டிவிடும். ஃப்ரன்ட் லோடில் உருளை படுத்த வாக்கில் இருக்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் போதும். துணி தானே வந்து முக்கி எடுத்துக்கொள்ளும். அதே துணிக்கு மொத்தச் செலவு 50 லிட்டரை ஒட்டி இருக்கும். மே மாதத்தில் போர்வெல் மோட்டார் காற்றையும் தண்ணீரையும் கலந்து துப்புகிற ஊரில் இந்த வித்தியாசம் வாரத்துக்குச் சில நூறு லிட்டர்.

தண்ணீர் இவ்வளவு குறைவாக இருந்தும் அழுக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் இந்த மெஷினின் இயற்பியல் இருக்கிறது. உருளையின் ஆரம் 24 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 61 சுற்றுக்குமேல் சுழன்றால், உச்சியில்கூடத் துணி சுவரை விட்டு விழாது. சுழற்சியின் விசை புவியீர்ப்பை வென்றுவிடும். அதனால் துவைக்கும்போது மெஷின் வேண்டுமென்றே 45, 50 சுற்றில் நிற்கிறது. உள்ளே இருக்கும் துடுப்புகள் துணியை மேலே ஏற்றிக்கொண்டு போகும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பிடி நழுவி, துணி பொத்தென்று கீழே உள்ள தண்ணீரில் விழும். துவைக்கல்லில் ஓங்கி அடிப்பதன் சின்ன வடிவம்தான் இது, நிமிடத்துக்குப் பல தடவை, கை வலிக்காமல். உள்ளே போதிய காலியிடம் இருந்தால்தான் விழ முடியும். ‘8 கிலோ மெஷின்தானே’ என்று கழுத்துவரை திணித்தால் துணி விழாது, உருளும். அழுக்கும் அப்படியே இருக்கும். நுரையும் இதற்கு எதிரி. வாளியில் துவைக்கிற சாதாரண பவுடரை இதில் போட்டால் நுரை மெத்தையாக எழும்பி விழுகிற துணியைத் தாங்கிக்கொள்ளும். குறைவாக நுரைக்கிற பவுடர் வேண்டும் என்று கம்பெனிக்காரர் சொல்வதில் வியாபாரம் இருக்கலாம், பொய் இல்லை.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1937-ல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் தானியங்கி வீட்டு மெஷினே முன்பக்கக் கதவு கொண்டதுதான். அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் ஆட்டத்தில் நகர்ந்துவிடும். பிறகு அமெரிக்கா டாப் லோடுக்குப் போய்விட்டது. ஐரோப்பா ஃப்ரன்ட் லோடிலேயே நின்றது. அங்கே சமையலறை மேடைக்கு அடியில் மெஷின் நுழைய வேண்டும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை மெஷினே சூடாக்க வேண்டும், சூடாக்கும் தண்ணீர் குறைவாக இருந்தால்தான் மின்கட்டணம் கட்டுப்படி ஆகும். நம் ஊருக்கு 1990-களில் வந்தது அந்த ஐரோப்பிய வார்ப்புதான், உள்ளே 2,000 வாட் ஹீட்டரோடு.

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் இருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் சலவையை நான்கு பங்காகப் பிரித்தார்: ரசாயனம், அடி உதை, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். ஃப்ரன்ட் லோடு தண்ணீரை மிச்சப்படுத்திவிட்டு நேரத்தைக் கேட்கிறது. ஒன்றரை மணி, இரண்டு மணி, சில நிரல்களில் அதற்கும் மேலே. காலையில் எட்டு மணிக்குப் பிள்ளையின் யூனிஃபார்ம் வேண்டும் என்று ஏழு மணிக்கு நினைவு வருகிற வீட்டுக்கு இது பெரிய குறை. கதவைப் பூட்டிவிட்டால் நடுவில் ஒரு கைக்குட்டையைக்கூடச் சேர்க்க முடியாது. இப்போது சில மாடல்களில் தனி சன்னல் வைக்கிறார்கள்.

இனி பிழிவது. இங்கே ஃப்ரன்ட் லோடை அடிக்க ஆளில்லை. டாப் லோடு பொதுவாக 700 சுற்றில் பிழிகிறது, ஃப்ரன்ட் லோடு 1,000 முதல் 1,400 வரை. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அதே ஆரத்துக்கு 700 சுற்றில் துணிமேல் புவியீர்ப்பின் 130 மடங்கு விசை என்றால், 1,200 சுற்றில் 385 மடங்கு. உருளையின் ஓரத்தில் ஒட்டிய துணி அப்போது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தொப்பூர் இறக்கத்தில் எந்த லாரிக்கும் அனுமதிக்காத வேகம். ஈரம் நன்றாக வடிந்துவிடுவதால் ஐப்பசி மழையிலும் வராந்தாக் கொடியில் துணி நாற்றம் பிடிக்காமல் காய்ந்துவிடும்.

ஆனால் அந்த விசைக்கு விலை உண்டு. ஒரு பக்கம் அரை கிலோ துணி கூடுதலாக ஒதுங்கினால்கூட 1,200 சுற்றில் அது 190 கிலோ எடையாக உருளையை இழுக்கும், ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. அதை அடக்கத்தான் மெஷினுக்குள் கான்கிரீட் பாளங்களைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தூக்க முயன்ற எவருக்கும் அதன் கனம் தெரியும். உருளையும் தொட்டியும் ஸ்பிரிங்கில் தொங்குகின்றன, அடியில் ஷாக் அப்சார்பர். பயணத்தின்போது ஆடாமல் இருக்க, பின்புறம் நீளமான போல்ட்டுகளால் தொட்டியைச் சட்டத்தோடு பூட்டி அனுப்புவார்கள். பொருத்துகிறவர் அதைக் கழற்றிக் கையில் கொடுப்பார். நாம் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவோம்.

தருமபுரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார் என்றே சொல்லலாம். வாடகை வீட்டைக் காலி செய்து ஊர் திரும்பும்போது மெஷினையும் ‘சின்ன யானை’ என்கிற மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். ஓசூர் வரை பரவாயில்லை. அதற்கப்புறம் வேகத்தடைகளும், கணவாய் தாண்டிப் போகிறவர்களுக்குத் தொப்பூரின் வளைவுகளும் பிரேக்குகளும். அந்த போல்ட்டுகள் இல்லாமல் வந்தால், கான்கிரீட்டைச் சுமந்த தொட்டி வழியெல்லாம் சட்டத்தில் இடித்துக்கொண்டே வரும். வந்து இறங்கியதும் ஓடும். பிழியத் தொடங்கும்போது தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம் கேட்கும். அந்த நாலு போல்ட்டை ஒரு பையில் போட்டு மெஷினின் பின்னாலேயே கட்டி வைப்பதைவிட மலிவான பராமரிப்பு இல்லை.

அடுத்தது, இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது: ‘உப்புத் தண்ணிக்கு ஃப்ரன்ட் லோடு ஆகாது.’ இது பாதி உண்மை. எந்தப் பாதி என்று பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும்.

தொப்பூர்ப் பக்கம் வீடுகளுக்குள் இரண்டு தண்ணீர் உண்டு. குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணி. துவைக்க, குளிக்க போர் தண்ணி. ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களில் பழுப்புக் கறையும் எலும்பில் விறைப்பும் வந்ததால் காவிரியைக் குழாயில் கொண்டுவந்தார்கள். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. வாஷிங் மெஷினுக்கு ஃபுளோரைடு ஒரு பொருட்டே இல்லை. மெஷினின் பிரச்சினை கால்சியமும் மெக்னீசியமும். இங்கே ஒரு விநோதம்: தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும், அதனால் பொதுவாக ஃபுளோரைடு மிகுந்த கிணற்றில் கால்சியம் குறைவாகவே இருக்கும். சோப்பு நன்றாக நுரைக்கிறது, ஆகவே நல்ல தண்ணி என்று குடிக்கக் கிளம்பிவிடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்து போர் வேறு மாதிரி இருக்கும். கடினப்பாறைப் பூமியில் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தண்ணீர். தெற்கே சேலம் பக்கம் போனால் மெக்னீசியத் தாதுவே குன்றாகக் கிடக்கிறது, வெட்டி எடுக்கிறார்கள்.

கால்சியமும் மெக்னீசியமும் தருகிற கடினத்தன்மைக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், பொறுக்கக்கூடிய உச்சம் 600. கணக்குக்காக 500 என்று வைத்துக்கொள்வோம். டாப் லோடு துவைக்கும் கட்டத்தில் 50 லிட்டர் எடுத்தால், சலவைப் பவுடர் முதலில் 25 கிராம் சுண்ணச் சத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அது முடிந்த பிறகுதான் அழுக்கு. ஃப்ரன்ட் லோடு துவைக்க 15 லிட்டர்தான் எடுக்கிறது. எதிரி ஏழரைக் கிராம். அதாவது உப்புத் தண்ணீரில் பவுடரின் வேலையைப் பொறுத்தவரை ஃப்ரன்ட் லோடுதான் தேவலாம்! கடைசிப் பிழிதலிலும் அதே கதை. 7 கிலோ துணியில் 1,200 சுற்றுக்குப் பிறகு ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் தங்கும். அது காயும்போது 2 கிராம் சுண்ணாம்பு நூலிலேயே நின்றுவிடும். குறைவாகப் பிழிந்தால் இன்னும் அதிகம் நிற்கும். துண்டு அட்டையாக விறைப்பதும் கறுப்புச் சட்டையில் சாம்பல் பூப்பதும் இதனால்தான்.

ஆகாத பாதி எது? ஹீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானால் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சூடு அதிகமான இடத்தில்தான் முதலில் படியும். அது ஹீட்டர் கம்பியின் மேல்பரப்பு. அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. தண்ணீர் சூடாக நேரமாகும், கம்பி உள்ளுக்குள் மேலும் கொதிக்கும், ஒருநாள் வெடித்துவிடும். தருமபுரிப் பக்கம் மெக்கானிக் ஒருவர் கழற்றிக் காட்டிய ஹீட்டர் விரல் பருமன் கம்பியாக இல்லை; வெள்ளையும் பழுப்புமாக மேலே பொருக்குத் தட்டி, கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அவர் அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாற்றை விட்டார், சுரீரென்று நுரைத்தது.

ஆக, கேள்வி ஃப்ரன்ட் லோடா டாப் லோடா என்பதில்லை, ஹீட்டரைப் போடுகிறோமா இல்லையா என்பது. 60 டிகிரிக்குப் போனால் படிவு வேகமாகும். குளிர்ந்த தண்ணீரிலோ 30 டிகிரியிலோ ஓட்டினால் ஹீட்டருக்கு வேலையே இல்லாத நாட்கள்தான் அதிகம். ஐரோப்பியக் குழாய்த் தண்ணீர் மாதிரி நம் தண்ணீர் குளிர்ந்து வருவதில்லை. சித்திரை மாதம் மதியம் மூன்று மணிக்குக் கறுப்பு டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் கையை வைத்தால் வெந்நீர்ப் பதம். பவுடரில் கலந்திருக்கும் நொதிகளுக்கு இதமான சூடு அது. பிற்பகலில் மெஷினைப் போட்டால் சூரியனே இலவச ஹீட்டர். மின்சாரக் கணக்கும் அப்படித்தான்: 15 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்றத் தண்ணீருக்கு மட்டும் 0.58 யூனிட் ஆகிறது. 40 போதும் என்றால் 0.23 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கிற மாநிலத்தில் இந்த வித்தியாசம் சிலரை அந்த வரம்புக்குள்ளேயே வைத்திருக்கும்.

லாரி பட்டறையில் வேலை செய்கிறவர் வீட்டுக்கு இது பொருந்தாது. கிரீஸும் கறுப்பு எண்ணெயும் ஏறிய காக்கிக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் குறைவில்லை. அவர்கள் சூடாக்கட்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் உருளையில் நூறு கிராம் சிட்ரிக் அமிலத்தைப் போட்டு, 60 டிகிரியில் ஓடவிட்டுப் படிவைக் கரைக்கட்டும். குழாயில் மாட்டும் சின்ன வடிகட்டிகளில் பாலிபாஸ்பேட் மணிகள் இருக்கும்; அவை கால்சியத்தை அகற்றுவதில்லை, படிகமாகி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கின்றன. கொஞ்சம் உதவும், மணி கரைந்ததும் மாற்ற வேண்டும். உண்மையாகவே கடினத்தை எடுப்பது உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் ரெசின் சாஃப்ட்னர். குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டச் சொல்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இந்தக் குளிர்நீர் யோசனைக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. எப்போதும் குளிர்ந்த தண்ணீரிலேயே துவைத்தால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்புக்குள் தண்ணீரும் நூல் துணுக்கும் சவர்க்காரப் பிசுக்கும் தங்கி, கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். விரலால் அந்த மடிப்பை விலக்கிப் பார்த்தால் தெரியும்: ஒரு ஹேர்பின், ஒரு ரூபாய்க் காசு, கூழாய்ப் போன பஸ் டிக்கெட், அவற்றுக்கடியில் வழவழப்பு. அமெரிக்காவில் 2000-களில் ஃப்ரன்ட் லோடு திரும்பப் பரவியபோது இந்த நாற்றத்துக்காகவே உற்பத்தியாளர்கள்மேல் கூட்டு வழக்குகள் வந்தன. மாதம் ஒருமுறை 60 டிகிரியில் வெறுமனே ஓட்டினால் பூஞ்சை அடங்கும். ஆனால் அந்தச் சூடுதான் ஹீட்டரில் சுண்ணாம்பைப் படிய வைக்கிறது. அந்த மாதாந்திர ஓட்டத்தையே சிட்ரிக் அமிலத்தோடு அவ்வப்போது சேர்த்துவிட்டால் இரண்டும் தீரும். துவைத்து முடித்ததும் ரப்பரைத் துடைத்து, கதவைத் திறந்தே விடுவது அதைவிட முக்கியம். எலி வரும் என்று கதவைச் சாத்துகிறார்கள். எலி கதவு வழியாக வருவதில்லை, அடித்தட்டின் திறப்பு வழியாக வந்து வயரைக் கடிக்கும். அதற்குக் கம்பி வலை போட்டுக்கொள்ளலாம்.

ஃப்ரன்ட் லோடுக்கு உண்மையான போட்டி டாப் லோடு இல்லை என்பது என் எண்ணம். செமி ஆட்டோமேட்டிக். அழுத்தமே வேண்டாம், குடத்தில் மொண்டு ஊற்றலாம். கரண்ட் போனால் கதவு பூட்டிக்கொண்டு உள்ளே தண்ணீரோடு துணி சிறைப்படாது. ஹீட்டர் இல்லை, அதில் படிகிற சுண்ணாம்பும் இல்லை. பழுதானால் உள்ளூரிலேயே பார்த்துவிடுவார்கள். முக்கியமாக, ஒரு தொட்டி சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை வேட்டி, அடுத்து பள்ளி யூனிஃபார்ம், கடைசியில் மிதியடி என்று மூன்று ஈடு எடுக்கிற கெட்டிக்காரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் கிலோவுக்கு ஆகும் தண்ணீர் ஃப்ரன்ட் லோடுக்குப் பக்கத்தில் வந்துவிடும். என்ன, பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். அந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது என்பதால் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் அது வருவதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. தன் அறிக்கையில் விலையில்லா வாஷிங் மெஷின் தருவதாகச் சொன்னது. ஆட்சி கிடைக்கவில்லை, மெஷினும் வரவில்லை. வந்திருந்தால் எந்த வகை என்ற கேள்விக்கு இந்தத் தண்ணீர்க் கணக்குகளையெல்லாம் பார்த்திருப்பார்களா என்று எனக்கு இன்னும் ஆவல்.

எனக்குக் கேட்டால், டேங்க் போதிய உயரத்தில் இருந்து, போர் தண்ணியைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் கடினத்தன்மை முந்நூறு, நானூறுக்குள் வந்து, கான்கிரீட் தரையும் இருந்தால், தொப்பூரில் ஃப்ரன்ட் லோடு வாங்கலாம். ஹீட்டரை விருந்தாளியாக வைத்துக்கொள்ள வேண்டும். அறுநூறைத் தாண்டினால் செமி. கோடையில் லாரித் தண்ணி வாங்குகிற வீட்டுக்கு மட்டும் எந்தக் கடினத்தன்மையிலும் ஃப்ரன்ட் லோடு லாபம். ஹீட்டர் போனாலும் மாற்றிக்கொள்ளலாம், லாரித் தண்ணிக்குக் கொடுத்த காசு திரும்பாது.

கழிவு நீரைப் பற்றி ஒரு வார்த்தை. அலசிய தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடுவது இங்கே வழக்கம். முதல் சோப்புத் தண்ணீரில் சலவைச் சோடாவின் சோடியம் நிறைய இருக்கும். அது மண்ணை இறுக்கிவிடும். செமியில் இரண்டையும் பிரித்து ஊற்றுவது சுலபம். ஃப்ரன்ட் லோடில் எல்லாம் ஒரே ஹோஸ் வழியாக வருகிறது. பிரிக்க வேண்டுமானால், துவைத்து முதல்முறை வெளியேற்றும் சத்தம் கேட்டு முடிந்ததும் யாராவது எழுந்துபோய் ஹோஸைச் சாக்கடையிலிருந்து வாழைப் பாத்திக்கு மாற்றிவிட வேண்டும்.